ஜூன் மாதக் குவியல்

அகரம்,
24-3-1960

அன்புள்ள அண்ணனுக்கு,

சிவனம்மாள் எழுதுவது. நானும் ஐயாவும் சுகம். மதினியும் சின்ன மாயம்மாளும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. அந்தச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்கிறேன். இன்றைக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை.

இந்த வருடமும் இல்லை என்று ஆகிவிட்டது. முந்தின இரண்டு வருடமும் மெட்ராஸில் இண்டர்வியூ வரைக்கும் போய்த் திரும்பினேன். இந்தத் தடவை கூப்பிடவே இல்லை. வருகிற ஜூலை முதல் தேதியன்று விண்ணப்பதாரருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும், ஆகவே வெளிநாட்டு மேற்படிப்புக்கான உபகாரச் சம்பளத்துக்குப் பரிசீலிக்க இயலாது என்று தேர்வுக் குழுவிலிருந்து இரண்டு வரி வந்திருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் என் பிறந்த தேதி 10-6-1930. மூன்று வாரத்தில் தவறிப்போனது. வரம்பு எனக்குத் தெரியும். சில பேருக்குத் தளர்த்துவார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அனுப்பினேன்.

அந்தத் தேதியின் லட்சணம் நம் வீட்டுக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஐயா உன்னைச் சேர்க்கத்தான் பள்ளிக்கூடம் போனார். நீ நோஞ்சான். ஏழரை வயதாகியும் தனியாகப் போகமாட்டேன் என்று ஒரே அழுகை. துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். என் கை காதைத் தாண்டிப் போனது. ஏழு என்று எழுதினார். உனக்கு விரல் நுனிதான் எட்டியது. ஆறு என்று எழுதினார். ஐயா மறுத்துப் பேசவில்லை. பையனுக்கு வயது குறைந்திருந்தால் சர்க்கார் வேலைக்கு ஆகும் என்று அவருக்குச் சந்தோஷம். பெண்ணுக்கு வயது கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? உனக்கு இரண்டு வயது இளையவள் காகிதத்தில் ஒரு வயது மூத்தவளாகிவிட்டேன். நீ என்னை 'அக்கா' என்று கூப்பிட்டுக் கேலி செய்ய ஆரம்பித்ததும் அன்றிலிருந்துதான்.

ஐயா ஆறுதலாக என்னவோ சொல்கிறார். "விடு தாயி, கத்தரிச் செடி ஏன் சாகுதுன்னு பாக்க அம்புட்டுத் தூரமா போகணும், நம்ம கொல்லையிலதான் தெனமும் சாகுது" என்கிறார். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? காலையில் பச்சையாக நின்ற செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போடுகிறது. அந்தத் தண்டை நறுக்கித் தண்ணீர் டம்ளரில் நிறுத்தினால் பால் மாதிரி ஒரு நூல் கீழே இறங்குகிறது. அந்த நூலில் என்ன இருக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்று சொல்லித்தர ஆள் இங்கிலாந்தில் இருக்கிறார். என்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று இரண்டு தடவை எழுதியும் விட்டார்.

நீ கணக்கு ஆபீஸில் இருக்கிறாய். யார் யார் விண்ணப்பம் போட்டார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று குழு வருடாவருடம் அறிக்கை அச்சடிக்கிறதாம். அதைப் பார்த்து எனக்குச் சொல். யாருக்குத்தான் கிடைக்கிறது? என்னிடம் என்ன குறை? ஆறுதலுக்காகக் கேட்கவில்லை அண்ணே. தெரியாமல் இருப்பது தாங்கவில்லை.

இப்படிக்கு, உன் தங்கை
சிவனம்மாள்


கரோல்பாக், டெல்லி,
11-4-1960

அன்புள்ள அக்காவுக்கு,

முறைக்காதே. நீ சிரித்து மூன்று வாரம் ஆகியிருக்கும் என்று தெரிந்துதான் அப்படி எழுதினேன்.

உன் கடிதத்தை உன் மதினி ராமுத்தாய்க்கு வாசித்துக் காட்டினேன். அவள் பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுக்கு உன்மேல் என்னைவிடப் பாசம் அதிகம். என் ஒருவனுக்காக உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போனார்கள். கடைசியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீதான் முதலாவதாக வந்தாய். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் போகவில்லை.

அறிக்கைகளைப் பற்றி விசாரித்தேன். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சர்க்கார் புத்தகக் கடையில் யார் போய்க் கேட்டாலும் கொடுக்கிறார்கள்; வாங்கத்தான் ஆள் இல்லை, தூசி தட்டித் தந்தார்கள். ஆறு வருடத்துப் புத்தகம் கிடைத்தது. நம் ராஜ்யத்திலிருந்து விண்ணப்பித்தவர்களின் பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், படிப்பு, எதுவரை போனார்கள், கிடைத்ததா இல்லையா, எல்லாம் இருக்கிறது. இரண்டு பிரதியாக வாங்கி ஒன்றை உனக்குப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் இங்கே பார்க்கிறேன், நீ அங்கே பார். வருகிற லீவில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் இருக்க உனக்கும் ஒரு வேலை வேண்டும்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். ஆளுக்கு ஒரு சீட்டு வெட்டு. ஒரு சீட்டில் ஒருவரைப் பற்றிய விவரம் மட்டும். பிறகு எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதன்படி குவியல் குவியலாகப் பிரி. ஒன்றே ஒன்றை மறக்காதே. மொத்தக் குவியலைப் பார்த்து ஒருத்தருக்குப் பலன் சொல்லாதே. அது ஜோசியக்காரன் வேலை. அவரை மாதிரி இருப்பவர்களைத் தனியாக எடுத்துவை, பிறகு பேசு. எங்கள் ஆபீஸில் பெரிய பெரிய ஆட்களே இதில்தான் சறுக்குகிறார்கள்.

ஐயாவை வெயிலில் கொல்லைக்குப் போகவிடாதே. பதில் போடு.

அன்புடன்,
சோலைமுத்து


அகரம்,
2-6-1960

அன்புள்ள அண்ணனுக்கு,

பார்சல் வந்தது. சுகத்துக்குக் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. குடகனாற்றில் மணல்தான் ஓடுகிறது.

நீ சொன்னபடி சீட்டு வெட்டினேன். பழைய பரீட்சைத் தாள்களின் மறுபக்கத்தில் எழுதினேன். எண்ணூற்றுச் சொச்சம் பேர். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்து இன்னாசியம்மாள் டீச்சர் லீவுக்கு ஊருக்குப் போகாமல் கூடவே உட்கார்ந்து எழுதினார். திண்டுக்கல்லில் பள்ளிக்கூடக் கூடத்தை எங்களுக்குத் திறந்துவிட்டார்கள். தரையெல்லாம் சீட்டு. காற்று வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேர்த்து வடிந்தோம். டீச்சருக்கு அதில் ஒரு பெண்ணின் பெயர் வந்தாலே போதும், "இந்தப் பிள்ளைக்குக் குடுத்தாங்களா, பாரு" என்பார். இல்லை என்று தெரிந்தால் அந்தச் சீட்டைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருப்பார். ஆளைத் தெரியாது, ஊரைத் தெரியாது, அவருக்கு அவ்வளவு வருத்தம்.

வயதால் தள்ளப்பட்டவர்களை முதலில் பிரித்தேன். என்னைப் போல எத்தனை பேர் என்று பார்க்க ஆசை. எழுபதுக்கு மேல் இருந்தார்கள். அவர்களின் பிறந்த தேதியைப் பார்த்தேன். ஜூன், ஜூன், ஜூன். நடுவில் ஒரு ஜூலை, மறுபடியும் ஜூன். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எல்லாச் சீட்டையும் மாதவாரியாகப் பிரித்துப் போட்டோம். பதினோரு குவியலும் அடங்கி நிற்கின்றன. ஜூன் மாதக் குவியல் மட்டும் சரிந்து விழுகிறது. அதில் இருப்பவர்கள் அநேகமாக எல்லோரும் எரியோடு, வேடசந்தூர் மாதிரி ஊர்க்காரர்கள். மெட்ராஸ், திருச்சி, மதுரை ஆட்கள் எல்லா மாதத்திலும் பிறந்திருக்கிறார்கள்.

இது நான் நினைக்கிறதுதானா? நீ பார்த்துச் சொல். நானாக எதையும் நினைத்துக்கொண்டு ஆசைப்பட மாட்டேன். ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அலுத்துவிட்டது.

மதினிக்கு நாட்டுப் பூண்டும் மொச்சையும் ஆள்வசம் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை
சிவனம்மாள்


டெல்லி,
20-6-1960

அன்புள்ள சிவனுவுக்கு,

நீ நினைக்கிறதுதான். உன் கடிதத்தைப் பார்த்ததும் நானும் போட்டுப் பார்த்தேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை என்று ராமுத்தாயிடம் திட்டு.

கிராமத்துத் தாய்மார் எல்லோரும் ஜூன் மாதத்தில்தான் பிள்ளை பெற்றார்களா? பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் ஒரு வாத்தியார் உட்கார்ந்து, காதைத் தொடச் சொல்லி, சேர்க்கிற அன்றைக்கே பிறந்த தேதியும் வைத்துவிட்டார். கை நீண்ட பிள்ளைக்கு வயது கூடியது. உன்னைப் போல எத்தனை பேருக்கு இல்லாத வயதைத் தலையில் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் பார். வயதால் தள்ளப்பட்ட கிராமத்து ஆட்களில் பாதிப் பேர் ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில்தான் தவறியிருக்கிறார்கள். குழு வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. கையில் இருந்த தேதியைப் பார்த்தார்கள், தள்ளினார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் என்ன குறை என்று கேட்டாயே. ஒரு குறையும் இல்லை. நீ அந்தக் குவியலில் இருக்கிறாய், அவ்வளவுதான்.

இப்போது கவனமாகக் கேள். நீ பிறந்தது 1931 கார்த்திகை. அம்மா உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு விளக்கு ஏற்றியதை ஐயா எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். வருகிற வருடம் ஜூலையில் உனக்கு நிஜத்தில் முப்பது நிறையாது. இன்னும் ஒரு தடவை இருக்கிறது. கோர்ட்டில் பிரகடனம் வாங்கிப் பிறந்த தேதியைத் திருத்தலாம், எங்கள் ஆபீஸில் ஒருவர் செய்திருக்கிறார். கிராமத்துப் பிறப்புப் பதிவேட்டில் நகல் எடு. திண்டுக்கல்லில் நல்ல வக்கீலாகப் பார். ஐயா வந்து உண்மையைச் சொன்னால் போதும். விடாதே. இதில் மட்டும் விட்டாய் என்றால் நான் உன்னோடு பேச மாட்டேன்.

சின்ன மாயம்மாள் சிலேட்டு கேட்கிறாள். அடுத்த ஜூலையில் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். ஐந்து நிறைய இரண்டு மாதம் குறைகிறது. கூட்டி எழுதிவிடலாம் என்கிறாள் ராமுத்தாய். நம் குடும்ப வழக்கம் டெல்லிக்கும் வந்துவிட்டது பார்.

அன்புடன்,
சோலைமுத்து


அகரம்,
3-11-1960

அன்புள்ள அண்ணனுக்கு,

முத்தாலம்மன் திருவிழா நன்றாக நடந்தது. நீ வரவில்லை என்று ஐயாவுக்குக் குறை. அம்மன் கண் திறக்கிற நேரத்தில் எனக்காக என்ன வேண்டினார் என்று கேட்டேன். "ஒன்னிய ஏரோப்ளேன்ல ஏத்தி விடச் சொன்னேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

வக்கீல் முகமது பாரூக் என்பவரிடம் கொடுத்திருக்கிறோம். நல்ல மனிதர், அவருக்கும் ஜூன் மாதம்தான். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. பதிவேட்டு நகலில் பெண் குழந்தை, தகப்பன் பெயர் பொம்மையன், 1931 நவம்பர் என்று தெளிவாக இருக்கிறது. ஐயா சாட்சிக் கூண்டில் ஏறி, தான் வாய்மூடி நின்றதால் இப்படி ஆனது என்று சொல்ல வேண்டும். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிற மனிதர், கோர்ட்டில் நின்று அப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சங்கடம். அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. வெள்ளை வேட்டி துவைத்து மடித்து வைத்துவிட்டார்.

விசாரணை ஜனவரி பத்தொன்பது. எதிர்ப்பு ஒன்றும் வராது, உடனே முடியும் என்கிறார் வக்கீல். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி முப்பத்தொன்று. இங்கிலாந்துக்காரரும் எழுதியிருக்கிறார். எனக்காக ஓர் இடத்தை வைத்திருக்கிறாராம், ஆனால் இதுதான் கடைசி.

வக்கீல் கேட்டது ஒன்று உண்டு. கூடப் பிறந்தவர்களின் வயதுச் சான்றும் கோர்ட்டில் வைக்க வேண்டுமாம். உன் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் முதல் பக்கத்தை நகல் எடுத்து, ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பு. உனக்கு அங்கே அதிகாரிகளுக்கா பஞ்சம்.

அண்ணே, ரொம்ப நாளைக்கப்புறம் எனக்கு வகுப்பில் பாடம் நடத்தும்போது குரல் நன்றாக வருகிறது. டீச்சரே சொன்னார்.

உன் தங்கை
சிவனம்மாள்


டெல்லி,
5-12-1960

அன்புள்ள சிவனம்மாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீஸில் வேலை அதிகம், அதனால் தாமதம். இங்கே குளிர் கடுமை. ராமுத்தாய்க்கு இருமல்.

நான் அந்த அறிக்கைகளை மறுபடியும் உட்கார்ந்து பார்த்தேன். ஜூனில் ஓர் உற்சாகத்தில் எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆறு வருடத்தில் விண்ணப்பித்த பெண்கள் அறுபது பேர். கிடைத்தது ஒன்பது பேருக்கு. அதிலும் தாவரவியலுக்குக் கிடைத்தது ஒரே ஒருத்திக்கு. ஆக அறுபதில் ஒன்று. வயதைத் திருத்தினாலும் இந்தக் கணக்கு மாறாது. இவ்வளவு சிறிய வாய்ப்புக்காக ஐயாவை இந்த வயதில் கோர்ட் படி ஏற்றுவது சரியா என்று யோசி. நாளைக்கு ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள்.

உள்ளூரிலேயே மதுரையிலோ கோயம்புத்தூரிலோ மேலே படிக்க வழி இருக்கும். நான் விசாரிக்கிறேன். உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன். ஏமாற்றம் உனக்குப் புதிதில்லை, இன்னொன்று வேண்டாமே என்றுதான்.

ஐயாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

சோலைமுத்து


அகரம்,
18-12-1960

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினிக்கு இருமல் என்று எழுதியிருந்தாய். தூதுவளையும் சித்தரத்தையும் அனுப்புகிறேன், சித்தரத்தையை வெறும் வாயில் போட்டுச் சப்பச் சொல்.

உன் கணக்கைப் பார்த்தேன். என்ன அண்ணே இது? ஏப்ரலில் எனக்கு நீ எழுதியதை நீயே மறந்துவிட்டாயா? மொத்தக் குவியலைப் பார்த்து ஒருத்தருக்குப் பலன் சொல்லக் கூடாது என்று சொன்னவன் நீ. என் சீட்டுகள் பெட்டியில்தான் இருக்கின்றன. எடுத்துப் பிரித்தேன். அந்த அறுபது பெண்களில் இண்டர்வியூவுக்கே போகாதவர்கள் பாதிக்கு மேல். என்னைப் போல இரண்டு தடவை இண்டர்வியூ வரை போய், மூன்றாவது தடவையும் போட்டவர்கள் ஏழு பேர். அந்த ஏழில் ஐந்து பேருக்குக் கொடுத்திருக்கிறார்கள். தாவரவியலுக்கு இடம் என்று வைத்ததே இரண்டு வருடம்தான். வருகிற வருடம் மூன்றாவது. ஒரே புத்தகம்தான். உனக்கு அறுபதில் ஒன்று, எனக்கு ஏழில் ஐந்தா?

வேலை அலுப்பில் எழுதியிருப்பாய், உடம்பு சரியில்லையோ என்னவோ, மதினிக்கு அனுப்புகிற மருந்தை நீயும் சாப்பிடு. அதற்காகக் கோபம் இல்லை. எனக்கு ஏமாற்றம் வந்தால் தாங்கமாட்டேன் என்று பயப்படுகிறாய். தாங்குவேன். பயப்படாதே.

நகல் மட்டும் வந்து சேரவில்லை. வக்கீல் இரண்டு தடவை கேட்டுவிட்டார். பொங்கலுக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பு. நேரம் இல்லை என்றால் புத்தகத்தையே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு, நான் இங்கே எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் தங்கை
சிவனம்மாள்


டெல்லி,
27-1-1961

அன்புள்ள சிவனுவுக்கு,

பத்தொன்பதாம் தேதி என்ன ஆனது என்று நீ எழுதவில்லை. எழுதுவாய் என்று தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் என்னால் முடியவில்லை, நானே எழுதுகிறேன்.

நகல் கேட்டு நீ எழுதிய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. என் புத்தகத்தில் நான் பிறந்தது 10-6-1931. உன் நிஜமான பிறப்பு 1931 நவம்பர். உன் தேதி சரி என்று கோர்ட் சொன்னால் என் தேதி பொய் என்று ஆகிவிடும். என் நிஜ வயதைச் சொன்னால் இந்த வேலைக்கு நான் மனுப் போட்ட அன்றே வரம்பைத் தாண்டியவன். நீக்கிவிட்டால் டெல்லியில் ராமுத்தாயையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்? ஜூனில் உனக்கு எழுதும்போது என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. உன்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன், அதை மட்டும் நம்பு. பிறகு பயம் வந்துவிட்டது. பயத்தில்தான் அந்த டிசம்பர்க் கடிதத்தை எழுதினேன்.

ராமுத்தாயிடம் நேற்றுத்தான் சொன்னேன். "அவுகளத் தொணைக்குக் கூட்டிட்டுப் போயித்தான நீங்க படிச்சீக" என்றாள்.

நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது. வருகிறது வரட்டும். நீ இதை வக்கீலிடம் கொடு.

உன் அண்ணன்
சோலைமுத்து


அகரம்,
8-2-1961

அன்புள்ள தம்பிக்கு,

நானும் ஐயாவும் இருக்கிறோம். மதினியும் பிள்ளையும் நலமாக இருக்கட்டும்.

உன் கடிதம் பிப்ரவரி முதல் தேதி வந்தது. நகலும் இருந்தது. டெல்லித் தபால் இங்கே வந்து சேர நாலைந்து நாள் ஆகும் என்பதும், முப்பத்தொன்றாம் தேதி கெடு என்பதும் உனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. நகலை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

என்ன ஆனது என்று கேட்டாய். பொங்கலுக்கு முந்தின வாரம் வக்கீல் எங்களை வரச் சொன்னார். உன் நகல் வராததால் அகரம் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து என் பக்கத்தை எடுத்திருந்தார். என் பெயருக்கு அடுத்த வரியில் உன் பெயர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அண்ணனுக்கு முப்பத்தொண்ணு ஜூனு. ஒனக்கு முப்பத்தொண்ணு கார்த்திகை. அஞ்சு மாசத்துல ஒரு தாய் ரெண்டு பிள்ள பெத்தாளான்னு ஜட்ஜு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதற்கு முன்னால் ஒரு தடவைகூட எனக்கு அது தோன்றவில்லை. எண்ணூறு பேரின் பிறந்த தேதியைப் பிரித்தவளுக்கு வீட்டில் இருக்கிற ஒருவனின் தேதி தோன்றவில்லை. ஐயா மெதுவாக, "ரெண்டு பேருக்கும் சேத்துத் திருத்திருங்க" என்றார். நீ எந்த வருடம் வேலையில் சேர்ந்தாய் என்று வக்கீல் கேட்டார். சொன்னோம். அவர் பதிவேட்டு நகலை மடித்து வைத்துவிட்டார். அதன்பிறகு ஐயா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சன்னலுக்கு வெளியே வண்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த வெள்ளை வேட்டி இருந்த பை. கோர்ட்டுக்குத்தான் போகிறோம் என்று நினைத்து எடுத்து வந்திருந்தார்.

வழக்கை வாபஸ் வாங்கச் சொன்னேன். வேறு என்ன சொல்வேன்? இங்கிலாந்துக்காரருக்கும் எழுதிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது ஐயா ஒரே ஒரு வார்த்தை பேசினார். "ஒனக்கும் ஒரு வேல வேணுமின்னு அன்னிக்கு எனக்குத் தோணலையே ஆத்தா."

உன் வேலை போய்விடும் என்று நீ பயந்ததில் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகுட்டிக்காரன் பயப்படத்தான் வேண்டும். நவம்பரிலேயே, 'சிவனு, என் சோறு போய்விடும், விட்டுவிடு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன், விட்டிருப்பேன். நீ அப்படி எழுதவில்லை. அறுபதில் ஒன்று என்று எழுதினாய். எனக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று உலகத்தில் நான் ஒருவனிடம்தான் கேட்டேன். என்னிடம் ஒரு குறையும் இல்லை என்று முதலில் சொன்னவனும் நீதான். அந்த ஒருவன், தெரிந்தே, எனக்குத் தகுதி இல்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினான். அதை நான் உடம்பு சரியில்லாமல் எழுதியது என்று நினைத்து மருந்து அனுப்பினேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

சீட்டுகளை இன்னாசியம்மாள் டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். இதை எழுதி மெட்ராஸுக்கு அனுப்பப்போகிறார், ஜூன் மாதத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது வழி செய்யச் சொல்லி. அதில் என் சீட்டும் இருக்கிறது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

நீ வேடிக்கையாக என்னை அக்கா என்று கூப்பிடுவாய். இனி அப்படியே இருக்கட்டும். வெளியில் காட்ட நமக்கு இருப்பது அந்த ஒரு காகிதம்தான், அதன்படி நான்தான் மூத்தவள். மூத்தவள் இளையவனுக்கு விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டால் எனக்கும் மனம் கொஞ்சம் ஆறுகிறது. அண்ணன் என்று கூப்பிடத்தான் இனிமேல் வாய் வரவில்லை. ஐயாவின் உடம்பைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியதை அவ்வப்போது எழுதுகிறேன். என்னைப் பற்றிக் கேட்காதே.

ஒன்றே ஒன்று. ஜூலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அவள் பிறந்த தேதியைக் கொடு. இரண்டு மாதம் குறைகிறது என்று கூட்டிச் சொல்லாதே. ஒரு வருடம் வீட்டில் இருந்தால் இருக்கட்டும்.

இப்படிக்கு, அக்கா
சிவனம்மாள்